உற்றவர் அறியாத மருந்து

திருகோணமலை நகருக்கு வடமேற்கே, அநுராதபுரம் செல்லும் வீதியை அண்டிக் கன்னியா என்னும் இடத்தில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. அவற்றின் தோற்றம் பற்றி இப்பிரதேச மக்களிடையே ஒரு கதை வழங்கி வருகின்றது. சிவவழிபாட்டில் வேட்கை மிக்க நோயுற்ற தாயின் பொருட்டு இராவணன் கோணமலையைப் பெயர்க்க முற்பட்டான். அம்முயற்சியைத் தடுக்கக் கருதிய திருமால், முதிய அந்தணர் வடிவில் வந்து, அவனது தாய் இறந்துவிட்டாள் என்று கூறினார். அவளுக்குரிய இறுதிக் கடன்களைச் செய்வதற்கென அவர் தண்டினால் நிலத்தைக் குத்திய ஏழிடங்களிலும் நீர் ஊற்றெடுத்தது. இவ்வாறு செல்லும் அக்கதை. பெற்றோரை இழந்தோர் அந்தியேட்டிக் கிரியைகளுக்காகக் கன்னியாவை நாடும் வழக்கம் இதனடியாக எழுந்ததே.

இக்கதையின் மெய்ம்மை இங்கு ஆராய்ச்சிக்குரியதன்று. தாயின் நோயில் தொடங்கும் கதை, ஒரு பொய்யினூடாகச் சென்று, தாயின் ஈமக்கடனில் முடிகின்றது என்பதே மனங்கொளத்தக்கது. நோய்க்கும் கடனுக்கும் இடைப்பட்ட காலத்தில் தாயும் மகனும் தம்முட் பேசிக்கொண்ட வார்த்தை ஒன்றேனும் அக்கதையில் இல்லை. துறைமுகத்தைச் சூழ்ந்த வீடுகளில் இன்று நடப்பதும் பெரும்பாலும் இதுவே.

அந்த ஒழுங்கைகளில் எங்கும் காணத்தக்க குடும்பம் ஒன்றை மனத்திற் கொள்ளலாம். தந்தை துறைமுகத்திலோ, சீனக்குடாவின் மா ஆலையிலோ, சீமெந்துத் தொழிற்சாலையிலோ உழைத்து ஓய்ந்தவர். மூத்த மகள் வேலைக்குச் செல்பவள். அடுத்த மகன் ரொறன்ரோவில் இருக்கின்றான். கடைசி மகன் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கின்றான். தாயின் வயிற்றிலே கட்டி. அது புற்றுநோய் என்பதும், மாற்றும் எல்லையைக் கடந்துவிட்டது என்பதும் மகளுக்குச் சொல்லப்படுகின்றன. தாய்க்கோ, "வயிற்றுப்புண், மருந்து எடுத்தால் மாறிவிடும்" என்று சொல்லப்படுகின்றது. வைத்திய அறிக்கை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் ஒளிக்கப்படுகின்றது. அயல்வீட்டார் அறிவர்; அருச்சனை செய்யும் ஐயர் அறிவார்; வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்லும் முச்சக்கர வண்டிக்காரரும் அறிவார். அறியாதவர் ஒருவரே. நோய் அவருடையது.

உண்மையில் அவரும் அறிவார். உடம்பு பொய் சொல்வதில்லை. உடுத்த சட்டை தளர்வதையும், தாம் அறைக்குள் வரும்போது பேச்சு நிற்பதையும், பத்து ஆண்டுகளாக எட்டிப் பாராத உறவினர் தோடம்பழப் பையோடு வந்து நிற்பதையும் அவர் காண்கின்றார். பிள்ளைகள் தம்மைக் காப்பதற்காக மறைக்கின்றனர் என்று உணர்ந்து, பிள்ளைகளைக் காப்பதற்காகத் தாம் அறிந்ததை அவரும் மறைக்கின்றார். ஒரே கூரையின் கீழ் இரண்டு நாடகங்கள் நடைபெறுகின்றன. இரண்டுக்கும் பார்வையாளர் இல்லை. இந்த நாடகத்துக்குத் தமிழ்ச் சமூகம் இட்டுள்ள பெயர் பாசம். அது பாசமன்று, சாகின்றவரிடமிருந்து எஞ்சிய நாள்களைப் பறித்து, இருப்பவர் தம் அச்சத்துக்குத் தீனியிடும் செயல் என்பதை எடுத்துச் சொல்லவேண்டிய காலம் வந்துவிட்டது.

மறைத்தல் எமது மரபு என்போர் முதலில் மரபைப் படித்தல் நன்று. வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றார்: நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து உதவும் உழைச்செல்வான். இந்நான்கனுள் முதலிடம் பெறுபவன் உற்றவனே. பரிமேலழகர் இவை ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு இயல்புகளை வகுத்து விரிக்கின்றார். நோயின் நிலையை எடுத்துணர்த்துவது உற்றவனுக்குரிய இயல்புகளில் ஒன்று. நோயைக் கண்டு அஞ்சாமை வைத்தியனுக்குரியது. எளிதிற் கிடைத்தல் மருந்துக்குரியது. அன்போடு, மனமும் மொழியும் மெய்யும் தூயவாதல் அருகிருப்பவனுக்குரியது. இந்த அளவுகோலைக் கொண்டு இன்றைய நிலையை நோக்குமிடத்து, நான்கு கூறும் ஒரு பொய்யினால் ஒருங்கே சிதைந்திருப்பது புலனாகும்.

முதலாவது, உற்றவர். தமக்கு வந்த நோய் இன்னதென்று அறியாதவர் அதன் நிலையை எவ்வாறு எடுத்துணர்த்துவார்? வலி கூடியதென்று சொன்னால், "அது வாய்வு" என்று வாயடைக்கப்படுகின்றது. சொல்லிப் பயனில்லை என்று கண்டபின் அவர் சொல்வதை நிறுத்திவிடுகின்றார். வீட்டாரோ வலி குறைந்துவிட்டதென்று மகிழ்கின்றனர். இழப்பு வலியோடு நிற்பதில்லை. காணி உறுதி யாருடைய பெயருக்கு மாறவேண்டும், ஊழியர் சேமலாப நிதிக்கு யார் பெயர் கொடுக்கப்பட்டுள்ளது, அடகில் உள்ள நகை எது, கைமாற்றாகக் கொடுத்த பணம் யாரிடம் உள்ளது என்பன அவர் ஒருவரே அறிந்தவையாக இருக்கலாம். பேச்சுவார்த்தையற்றுப் போன தம்பியோடு மீண்டும் பேசவேண்டுமென்று அவர் விரும்பியிருக்கலாம். மணியொலி கேட்கக் கோணேசர் சந்நிதியில் ஒருமுறை அமர்ந்திருக்க எண்ணியிருக்கலாம். "எல்லாம் சுகமான பிறகு பார்ப்போம்" என்ற ஒரு வாக்கியம் இவை அனைத்தையும் அழித்துவிடுகின்றது. சுகம் வராதென்று அறிந்தே அவ்வாக்கியம் சொல்லப்படுகின்றது என்பதுதான் அதன் கொடுமை.

இரண்டாவது, தீர்ப்பவர். நோயாளியை வெளியே இருத்திவிட்டு மகனை உள்ளே அழைத்துப் பேசும் வைத்தியரை அறியாதவர் இலர். அவர் நோயைக் கண்டு அஞ்சாதவராயிருக்கலாம். நோயாளியைக் கண்டு அஞ்சுகின்றார். இதனைக் கீழைத்தேயப் பண்பாடு என்று நியாயப்படுத்துவோர் ஓர் உண்மையை மறக்கின்றனர். ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகர வைத்தியசாலையொன்றின் வைத்தியர்களிடையே செய்யப்பட்டு 1961இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய 90 சதவீதத்தினர் புற்றுநோயை நோயாளிக்குச் சொல்லாதிருப்பதையே விரும்பினர். அதே வினாக்கள் இன்னொரு அமெரிக்க வைத்தியசாலையில் மீளக் கேட்கப்பட்டு 1979இல் முடிவு வெளியானபோது 97 சதவீதத்தினர் சொல்வதையே விரும்பினர். பதினெட்டு ஆண்டுகளில் அமெரிக்கரின் பண்பாடு தலைகீழாகிவிடவில்லை; வைத்தியரின் பழக்கமே மாறியது. ஆகவே, மறைத்தல் ஓர் இனத்தின் குணமன்று, திருத்தத்தக்க ஒரு பழக்கம் மட்டுமே.

திருகோணமலை நோயாளிக்கு இதனோடு மொழியும் ஒரு திரையாகின்றது. கதிர்ச் சிகிச்சைக்கென மகரகமைக்கோ கண்டிக்கோ மட்டக்களப்புக்கோ தெல்லிப்பழைக்கோ செல்லவேண்டியுள்ளது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும்வரை அக்கரை நோயாளியைப் பாதை எனப்படும் மிதவையில் ஏற்றியே நகருக்குக் கொண்டுவந்தனர். இன்று அத்தடை நீங்கிற்று. எனினும், கொழும்பு வரையுள்ள ஏறக்குறைய 260 கிலோமீற்றரை இரவெல்லாம் பஸ்ஸில் குலுங்கிக் கடந்து, அதற்கப்பாலும் மகரகமை சென்று சேரும் தமிழ்த் தாய்க்கு அங்குள்ள வைத்தியர் சிங்களத்திற் பேசுவது விளங்குவதில்லை. உடன் சென்ற பிள்ளையே மொழிபெயர்க்கின்றது. வைத்தியர் உண்மையைச் சொன்னாலும் அது மொழிபெயர்ப்பில் இறந்துவிடுகின்றது. மொழிபெயர்ப்பவரே தணிக்கையாளராகவும் ஆகிவிடுகின்றார். தமிழ் அறிந்த உத்தியோகத்தர் ஒருவர் அவ்விடத்தில் இருத்தல் வெறும் மொழியுரிமைக் கோரிக்கை மாத்திரமன்று. அது வைத்தியத்தின் ஓர் அங்கமுமாகும்.

மூன்றாவது, மருந்து. மாற்ற முடியாத நோய்க்கு மருந்தில்லை என்பது படித்தவரிடையேயும் நிலவும் அறியாமை. நோயை மாற்ற முடியாதபோதும் வலியை மாற்ற முடியும். 1967இல் இலண்டனில் சென் கிறிஸ்தோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சோண்டர்ஸ், சாகின்றவரின் வலி உடலுக்கு மட்டுமுரியதன்று என்றும், உள்ளமும் உறவும் ஆன்மாவும் அதிற் பங்குகொள்கின்றன என்றும் எடுத்துக்காட்டினார். வலி வந்தபின் மருந்து கொடுப்பதை விடுத்து, வராதிருக்குமாறு உரிய நேரந்தோறும் கொடுக்கும் முறையை அவர் நிலைநாட்டினார். உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட மூன்று படி முறை அதனை எளிதாக்கியது: மெல்லிய வலிக்குச் சாதாரண நிவாரணி, அது போதாதபோது அதனிலும் வலியது, அதுவும் போதாதபோது மோர்பின். வாயாற் பருகும் மோர்பின் விலை குறைந்த மருந்து. பொதுவாக நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுக்கப்படுவது. அதனால் வரும் மலச்சிக்கலுக்கு உடன் மருந்து கொடுத்தல் வேண்டும். வைத்தியர் வகுத்த அளவில் வலிக்காகக் கொடுக்கப்படும்போது, ஊரார் அஞ்சுவதுபோல அது நோயாளியைப் போதைக்கு அடிமையாக்கிவிடுவதுமில்லை, கொன்றுவிடுவதுமில்லை.

ஆயினும், கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்தாதலால் அது எல்லாக் கடைகளிலும் கிடைப்பதன்று. கேட்டுப் பெறவேண்டியது. கேட்பதற்கு நோயின் பெயரைச் சொல்லவேண்டும். "வயிற்றுப்புண்" என்று பெயரிடப்பட்ட வீட்டுக்குள் மோர்பின் எவ்வாறு நுழையும்? ஒளித்து வைக்கப்பட்ட அறிக்கையோடு வலிக்குரிய மருந்தும் ஒளிந்துகொள்கின்றது. பாசத்தின் பெயரால் சொல்லப்பட்ட பொய், இரவு இரண்டு மணிக்குத் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடக்கும் தாயாக உருவெடுக்கின்றது.

நான்காவது, உழைச்செல்வான். வள்ளுவர் ஆண்பாலிற் கூறியது இலக்கண மரபு. வாழ்க்கையில் அது பெண்பாலே. தாய் படுக்கையில் வீழ்ந்ததும் வேலையை விடுபவள் மகள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தாயைப் புரட்டிப் படுக்கவைத்துப் படுக்கைப்புண் வராமற் காப்பவளும், உலர்ந்த உதட்டை நனைப்பவளும், துணி மாற்றுபவளும், கஞ்சி காய்ச்சுபவளும், தொலைபேசியில் தம்பிக்கு "அம்மா பரவாயில்லை" என்று பொய் சொல்பவளும் அவளே. ஊரார் அவளை "தெய்வம் போன்ற பிள்ளை" என்பர். தெய்வமாக்கப்பட்ட ஒருத்திக்கு உறக்கம் வேண்டும், சம்பளம் வேண்டும், ஒரு மாலைநேர ஓய்வு வேண்டும் என்று எவரும் எண்ணுவதில்லை. தந்தையும் தம்பியும் கொடியவர்கள் அல்லர். என்ன நடக்கின்றதென்று வெளிப்படையாகப் பேசப்படாத வீட்டில் யார் எதைச் செய்வதென்றும் பேச முடியாது. அதனால் வேலையனைத்தும் முன்பே வேலை செய்துகொண்டிருந்த கைகளுக்கே போய்ச்சேருகின்றது.

உண்மை பேசப்பட்ட வீடு இவ்வாறிருப்பதில்லை. அங்கே தாயின் கட்டில் இருண்ட பின்னறையிலிருந்து கடற்காற்று வரும் விறாந்தைக்கு நகர்கின்றது, கேட்டவர் அவரே. மருந்து நேரங்கள் ஒரு கொப்பியில் எழுதப்படுகின்றன. வலி எப்போது வந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்பதையும் அவரே சொல்லி எழுதுவிக்கின்றார். நாற்பது ஆண்டுகளாக அடுப்படிக்குள் நுழையாத தந்தை, மனைவி கட்டிலிலிருந்து சொல்லச் சொல்லச் சொதி வைக்கப் பழகுகின்றார். இளையவன் தன் புத்தகங்களைக் கட்டிலருகே கொண்டுவந்து படிக்கின்றான். இரவின் முதற்சாமம் அவனுடைய முறை. ரொறன்ரோவில் உள்ளவன் ஒருமுறைதான் விமானச் சீட்டு வாங்க முடியுமெனின், அதனைச் சாவுக்காகவன்றி வாழ்வுக்காக வாங்குகின்றான். இங்கும் அழுகை உண்டு. சினமும் சலிப்பும் உண்டு. தாய் சாவதும் மாறப்போவதில்லை. ஆனால், அவர் தனியே சாவதில்லை. நோயோடு வாழப் பழகுதல் என்பது தாங்கிக்கொள்ளும் மனவலிமை ஒன்றே அன்று. அது வேலையைப் பங்கிடுதல், நேரத்தைப் பங்கிடுதல். அனைத்துக்கும் முதலாக உண்மையைப் பங்கிடுதல்.

இது மேனாட்டுச் சரக்கு என்று புறந்தள்ளுவோருக்குப் புறநானூற்றின் 281ஆம் பாடலைச் சுட்டுதல் தகும். அரிசில்கிழார் பாடிய அக்காஞ்சிப் பாட்டில், விழுப்புண்பட்டுக் கிடக்கும் வீரனை அவன் மனையாள் காக்கின்றாள். வீட்டிலே வேம்பும் இரவமும் செருகப்படுகின்றன, யாழும் பிற இயங்களும் ஒலிக்கின்றன, வெண்சிறுகடுகு தூவப்படுகின்றது, நறும்புகை எழுகின்றது, காஞ்சிப்பண் பாடப்படுகின்றது. அங்கே புண் மறைக்கப்படவில்லை. அன்றியும், அவள் தனியே காக்கவில்லை. காக்க வருமாறு தோழியை அழைக்கின்றாள். இறப்பின் நிழல் விழுந்த வீட்டைப் பூட்டாது திறந்து, அயலைத் துணைக்கழைத்த சமூகம் இதுவே. அண்மைக் காலத்திலும் உதாரணம் உண்டு. 1922ஆம் ஆண்டு மே மாதத்தில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் தாய் அழகம்மாள் மரணப்படுக்கையில் இருந்தபோது, அவர் ஒரு கையைத் தாயின் மார்பிலும் மறுகையைத் தலையிலும் வைத்து, உயிர் பிரியும்வரை அருகே அமர்ந்திருந்தார். துறவிக்குக் கூடிய அந்த அருகிருத்தல் இல்லறத்தாருக்குக் கூடாதா?

உண்மை கேட்டால் நோயாளி நம்பிக்கை இழந்து விரைவில் இறந்துவிடுவார் என்பது அடுத்த வாதம். உண்மையைக் கல்லைப்போல எறியவேண்டும் என்று எவரும் கூறவில்லை. "உங்கள் வருத்தத்தைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கின்றீர்கள்? எவ்வளவு அறிய விரும்புகின்றீர்கள்?" என்று முதலிற் கேட்டல் வேண்டும். அறிய விரும்பாதிருக்கும் உரிமையும் நோயாளிக்கு உண்டு. ஆனால், அந்த உரிமை அவருடையது, மகனுடையதன்று, வைத்தியருடையதுமன்று. நம்பிக்கை என்பதும் சுகமாகும் நம்பிக்கை ஒன்று மாத்திரமன்று. இன்றிரவு வலியின்றி உறங்கலாம், மகன் வருவான், கைவிடப்படமாட்டேன் என்பனவும் நம்பிக்கைகளே. இவை நிறைவேற்றத்தக்கவை. நிறைவேறாத ஒரு நம்பிக்கைக்காக நிறைவேறத்தக்க மூன்றைப் பலியிடுவது அறிவுடைமை ஆகாது.

இம்மறைப்பினால் பெரும்பயன் அடைவது அரசு என்பதையும் சொல்லாது விட முடியாது. களுத்துறையில் 1926இல் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலந்தொட்டு, கர்ப்பிணியின் வீட்டு வாசலுக்கு மருத்துவமாது செல்லும் ஒழுங்கு இந்நாட்டில் வளர்ந்தது. தாய் சேய் மரணங்களைக் குறைத்ததில் இலங்கை பெற்ற புகழில் அந்த நடைபயணத்துக்குப் பெரும்பங்குண்டு. பிறக்கின்றவரைத் தேடி வாசலுக்கு வரும் அரசு, இறக்கின்றவரைத் தேடி அவ்வாறு வருவதில்லை. நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கான தேசியத் திட்டம் 2019 முதல் 2023 வரையான காலத்துக்கென வகுக்கப்பட்டது உண்மையே. ஆனால், திட்டம் ஏட்டில் இருப்பதும் தாதி வாசலில் நிற்பதும் ஒன்றல்ல. அயலிலுள்ள கேரளத்தில், கோழிக்கோட்டில் 1993இல் சிறு சங்கமாகத் தொடங்கிய முயற்சி ஊர்தோறும் தொண்டர் அமைப்பாகப் பரந்து, 2008இல் மாநில அரசின் கொள்கையாயிற்று. அங்கே உள்ளூராட்சி மன்றங்களின் துணையோடு தாதியர் படுக்கையில் இருப்பவரின் வீட்டுக்கே செல்கின்றனர். திருகோணமலையின் உள்ளூராட்சி மன்றங்களுக்கு இது எட்டாத செயலன்று. கேட்பாரில்லாமையே குறை. வீட்டிலே பெயர் சொல்லப்படாத நோய்க்கு வெளியே கோரிக்கை எழுவதில்லை.

பெயர் சொல்லப்பட்டபோது எழுந்தவை கண்முன் நிற்கின்றன. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, அத்துயரை வீட்டுக்குள் புதைக்காது வெளியே கொண்டுவந்தமையால் 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் இயங்கத் தொடங்கியது. 2011இல் தெய்வேந்திரமுனைக்கும் பருத்தித்துறைக்கும் இடையே பல்லாயிரம் பேர் பங்குகொண்ட நடைபயணம் புற்றுநோயைப் பெயர் சொல்லி நிதி திரட்டியது. தெல்லிப்பழையில் வைத்தியசாலைக் கட்டடம் எழுந்தது. தனிவீட்டுத் துயரம் பொதுத்துயரமாக ஒப்புக்கொள்ளப்பட்டபோதே அது கல்லும் சுண்ணாம்புமாக, கட்டிலும் மருந்துமாக மாறியது.

பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்போருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. வைத்தியசாலைத் தமிழ் இன்று மருந்துப் பட்டியலின் தமிழாகவே உள்ளது. சாகின்றவரோடு பேசுவதற்குரிய தமிழ், அஞ்சாமலும் புண்படுத்தாமலும் உண்மை சொல்லும் தமிழ், இன்னும் செய்யப்படவில்லை. காஞ்சித்திணைக்கு இலக்கணம் வகுத்த மொழிக்கு அது இயலாத காரியமன்று. தாயின் சிதையருகே பட்டினத்தார் பாடியவற்றை மேடைதோறும் பாடிக் கண்ணீர் உகுப்பது எளிது. சிதைக்கு முந்திய மாதங்களில் தாயின் கட்டிலருகே என்ன பேசுவதென்று அறிவதே அரிது.

ரொறன்ரோவிலிருந்து மகன் வந்து இறங்குகின்றான். தாயின் நிலை பற்றிய உண்மை அவனுக்கும் கடைசி நாளிலேயே சொல்லப்பட்டது. அவன் வந்தபோது வீட்டில் இருந்தது மாலையிட்ட படம். முப்பத்தோராம் நாள் அவன் கன்னியாவுக்குச் செல்கின்றான். ஏழு கிணறுகளிலும் நீர் மொண்டு தலையில் வார்க்கின்றான். நீர் சூடாகவே இருக்கின்றது. தாய் தன்னைப் பற்றிக் கடைசியாக என்ன சொன்னாள் என்று அக்காவிடம் கேட்கின்றான். அவளிடம் மறுமொழி இல்லை. ஏனெனில் அந்த வீட்டில் எவரும் எதையும் சொல்லவில்லை. இறந்தவருக்கு எள்ளும் தண்ணீரும் தவறாது இறைக்கும் சமூகம், இருக்கும்போதே அவருக்குக் கொடுக்கவேண்டிய கடனை என்று கொடுக்கப்போகின்றது?